குகேஷுக்கு கிடைச்ச பேரு நியாயமானது தான், ஆனா அதை வச்சு உங்க பையன் ஸ்கூலை விடலாமான்னு முடிவு பண்ணாதீங்க சார்

வணக்கம் சார். உங்க மெசேஜை நிதானமா படிச்சேன். பையனுக்கு பதிமூணு வயசு, ஒன்பதாவது படிக்கிறான், ஃபிடே (உலக செஸ் சங்கம்) ரேட்டிங் 1720, ஸ்கூலை நிறுத்திட்டு முழு நேரமா செஸ் ஆடுறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான், உலக சாம்பியன் ஆன குகேஷ் நாலாங்கிளாஸோட நிறுத்தலையான்னு உங்களையே திருப்பி கேக்குறான். இன்னொரு பக்கம் உங்க மச்சான், இவங்க எல்லாம் லக்குல வந்தவங்க, எதிராளி தப்பு பண்ணான், இவங்க கப்பை தூக்கிட்டு வந்துட்டாங்க, டிவிக்காரன் பெருசாக்கிட்டான்னு சொல்றாரு. அதனால இந்த பெரிய பேருங்க எல்லாம் உண்மையிலயே தகுதியானவங்க தானா இல்ல ஹைப்பான்னு என்கிட்ட கேக்குறீங்க. ஹைப்னா பையனை தடுத்துடலாம், உண்மைன்னா விட்டுடலாம்ங்கிறது உங்க கணக்கு. கேள்விக்கு பதில் சொல்றேன், ஆனா அந்த கணக்கை நான் ஒத்துக்க மாட்டேன், ஏன்னு கடைசில புரியும்.

மச்சான் சொல்ற அந்த தப்பையே எடுத்துக்குவோம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன் பட்டத்துக்கான மேட்ச். பதிமூணு கேம் முடிஞ்சு ஆறரை ஆறரைன்னு சமமா நிக்குது, கடைசி கேம், அப்போதைய சாம்பியன் டிங் லிரனுக்கு வெள்ளை. ரெண்டு பேருகிட்டயும் ஒரு யானை, ஒரு பிஷப், குகேஷுக்கு மட்டும் ஒரு சிப்பாய் கூட. பாத்துட்டு இருந்தவங்க எல்லாம் இது டிராதான், மறுநாள் டை பிரேக்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. 55வது மூவ்ல டிங் யானையை எஃப்2ல கொண்டு போய் வச்சு வெட்டிக்கலாம்னு நீட்டுறாரு, யானை போனதும் பிஷப்பையும் வெட்டிக்க வேண்டியதாயிடுச்சு, மிச்சம் ராஜாவும் சிப்பாயும் தான், அதுல கூட இருந்த அந்த ஒரு சிப்பாய் ஜெயிச்சுடும். தப்பு தான், யாரும் மறுக்கல. ஆனா சார், எல்லாரும் டிரான்னு நினைச்ச அந்த போர்டுல ரிஸ்க் எதுவும் எடுக்காம அந்த சின்ன அட்வான்டேஜை விடாம பிடிச்சுக்கிட்டு மூவ் மேல மூவா எதிராளியை யோசிக்க வச்சது யாரு? பதினெட்டு வயசு பையன். அதுக்கு ரெண்டு கேம் முன்னாடி தான், 12வதுல, நல்லா அடி வாங்கியிருந்தான். முதல் கேமையும் வெள்ளைல ஆடி தோத்தவன். அதெல்லாம் மனசுல ஏத்திக்காம வந்து உக்காந்து ஆடினதுக்கு பேரு லக் கிடையாது.

அந்த ஒரு மேட்சை விட்டுடுங்க, அந்த வருஷத்தை மொத்தமா பாருங்க. ஏப்ரல்ல டொரண்டோல கேண்டிடேட்ஸ், அதாவது உலக சாம்பியன் கூட மோதப்போறது யாருன்னு முடிவு பண்ற போட்டி, எட்டு பேர், 14 ரவுண்ட், 9 பாயின்ட் எடுத்து ஜெயிக்கும்போது வயசு 17, அந்த வயசுல அதுக்கு முன்னாடி யாரும் அதை ஜெயிச்சதில்ல. செப்டம்பர்ல புடாபெஸ்ட் ஒலிம்பியாட், முதல் போர்டுல, அதாவது டீமோட முதல் ஆட்டக்காரரா, பத்துக்கு ஒன்பது, இந்தியாவுக்கு தங்கம். இதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி நம்ம மாமல்லபுரத்துல நடந்த ஒலிம்பியாட் ஞாபகம் இருக்கா, முதல் எட்டு கேமும் வரிசையா ஜெயிச்சுட்டு பத்தாவது ரவுண்ட்ல உஸ்பெகிஸ்தானோட அப்துசட்டோரவ் கூட ஜெயிக்க வேண்டிய நிலைமையில இருந்து தோத்தாரு, டீம் வெண்கலத்தோட நின்னுடுச்சு. அப்போ அவருக்கு 16 வயசு, உலகமே பாத்துட்டு இருக்கு. அங்கிருந்து எழுந்து வந்தவர்தான் புடாபெஸ்ட்ல அதே முதல் போர்டுல உக்காந்தாரு. ஒரு எதிராளியோட ஒரு தப்பை வச்சு இத்தனையையும் விளக்க முடியுமான்னு மச்சானை கேளுங்க.

அடுத்தது அவர் கண்டிப்பா சொல்லுவாரு, கார்ல்சன் ஆடாததுனால தானே வந்துச்சுன்னு. இதுல பாதி உண்மை இருக்கு. நார்வே கார்ல்சன் 2011 ஜூலைல இருந்து ரேட்டிங்ல நம்பர் ஒன், 2882 வரைக்கும் போனவரு, உலக சாம்பியன் பட்டத்தை அவரே வேண்டாம்னு விட்டாரு. குகேஷ் சாம்பியன் ஆன அதே மாசம் ரேட்டிங் லிஸ்ட்ல நம்ம அர்ஜுன் எரிகைசி 2801, குகேஷை விட மேல. உலக சாம்பியன்ங்கிறது ஒரு பட்டம், உலகத்துலயே பலமான ஆட்டக்காரர்ங்கிறது வேற. டிவில ரெண்டையும் ஒண்ணாக்கி பேசுறாங்க, அது குகேஷ் தப்பில்ல. 2025 ஜூன்ல நார்வேல கார்ல்சனையே கிளாசிக்கல் கேம்ல ஜெயிச்சாரு, அதே வருஷம் வேற இடங்கள்ல சறுக்கவும் செஞ்சாரு, ரெண்டையும் சேத்து தான் பாக்கணும்.

இந்த மாதிரி சந்தேகம் செஸ்ஸுக்கு புதுசும் இல்ல. 1975ல அப்போதைய சாம்பியன் பாபி ஃபிஷர் ஆட மாட்டேன்னு ஒதுங்கினதுனால கார்ப்போவ் ஒரு மூவ் கூட வைக்காம உலக சாம்பியன் ஆனாரு, இது பேப்பர் சாம்பியன்னு பேசினாங்க. அவர் பண்ணது ஒண்ணு தான், கிடைச்ச பெரிய டோர்னமென்ட்ல எல்லாம் போய் ஆடினாரு, ஜெயிச்சாரு, 1985ல காஸ்பரோவ் வர்ற வரைக்கும் பத்து வருஷம் அந்த இடத்துல உக்காந்தாரு. பட்டம் போனதுக்கு அப்புறமும் 1994ல லினாரெஸ்ல காஸ்பரோவ் இருந்த டோர்னமென்ட்லயே 13க்கு 11 எடுத்தாரு. இன்னைக்கு அவரை பேப்பர் சாம்பியன்னு சொல்ல ஆள் கிடையாது. அவர் பேரு கிடைச்சது 1975ல, அதுக்கான தகுதியை காமிச்சது அதுக்கப்புறம் ஆடின ஆயிரக்கணக்கான மணி நேரத்துல.

நேர்மாறா தகுதி இருந்தும் பேரு கிடைக்காதவங்களும் இருக்காங்க. எனக்கு இப்பவும் மனசு கனக்குற பேரு மீர் சுல்தான் கான். பஞ்சாப்ல ஒரு பெரிய நிலப்பிரபுகிட்ட வேலை பாத்தவரு, அந்த எஜமான் கூட லண்டன் போனவரு, 1929ல, 32ல, 33ல பிரிட்டிஷ் சாம்பியன், ஹேஸ்டிங்ஸ் டோர்னமென்ட்ல முன்னாள் உலக சாம்பியன் கப்பாபிளான்காவையே ஜெயிச்சவரு. எஜமான் ஊர் திரும்பினப்போ இவரும் திரும்பினாரு, ஆட்டம் அதோட போச்சு. 1966ல இறந்தாரு, ஃபிடே கௌரவ கிராண்ட்மாஸ்டர்னு குடுத்தது 2024ல. இதை எதுக்கு சொல்றேன்னா திறமை மட்டும் ஆளை மேல கொண்டு போகாது, டிக்கெட் போட ஆள் வேணும், தங்க இடம் வேணும், பின்னாடி ஒரு குடும்பம் நிக்கணும். குகேஷ் வீட்ல அப்பா ஈஎன்டி டாக்டர், பையன் கூட டோர்னமென்ட் போறதுக்காக பிராக்டிஸையே நிறுத்தினாரு, பணம் பத்தாம அப்பா அம்மாவோட நண்பர்கள் உதவி பண்ணாங்கன்னு அவரே சொல்லியிருக்காரு. உங்க பையன் பாக்குறது கப்பை மட்டும். நீங்க இந்த பக்கத்தையும் பாக்கணும்.

இப்போ உங்க பையன் விஷயம். செஸ்ல ஒரு நல்ல வசதி என்னன்னா மத்த எந்த துறைலயும் இல்லாத அளவுக்கு எல்லாம் நம்பர்ல தெரியும். ஆர்பட் ஈலோங்கிற பேராசிரியர் கண்டுபிடிச்ச கணக்கு, 1970ல ஃபிடே எடுத்துக்கிச்சு, யாரு யாரை ஜெயிச்சா எவ்ளோ ஏறும்னு அதுல இருக்கு, சிபாரிசு உள்ள நுழையவே முடியாது. ஆனா அந்த நம்பரை படிக்க தெரியணும். 18 வயசுக்கு கீழ, 2300க்கு கீழ இருக்கிற பசங்களுக்கு கே ஃபேக்டர் 40, அதாவது பெரியவங்களை விட அவங்க ரேட்டிங் ரொம்ப வேகமா ஏறும், அதே வேகத்துல இறங்கும். ஒரு டோர்னமென்ட்ல 90 பாயின்ட் ஏறிடுச்சுன்னு ஸ்வீட் வாங்காதீங்க, அடுத்ததுல 70 போச்சுன்னு திட்டாதீங்க. ஒரு வருஷத்துல எங்கிருந்து எங்க வந்திருக்கான்னு மட்டும் பாருங்க. 2024 மார்ச்ல ஃபிடே 2000க்கு கீழ இருந்தவங்க எல்லாருக்கும் ரேட்டிங்கை தூக்கி விட்டுச்சு, குறைஞ்சபட்சமே 1400 ஆயிடுச்சு, அதனால அதுக்கு முன்னாடி நம்பரோட இப்போ நம்பரை அப்படியே ஒப்பிட்டு நாமளும் ஏமாற கூடாது.

குகேஷ் பன்னெண்டு வயசு ஏழு மாசத்துல கிராண்ட்மாஸ்டர். அதாவது உங்க பையன் இப்போ இருக்கிற வயசுல 2500ஐ தாண்டி, கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு வேண்டிய மூணு நார்மும் (டோர்னமென்ட் தகுதி) முடிச்சிருந்தாரு. ஸ்கூல் நிறுத்தினது முதல்ல, ஆட்டம் அப்புறம்னு உங்க பையன் நினைச்சுட்டு இருக்கான், வரிசை அப்படி இல்ல. குகேஷ்கிட்ட இருந்த வேகத்தை கோச்சும் ஸ்கூலும் வீடும் கண்ணால பாத்துட்டு தான் வழி விட்டாங்க, அவர் படிச்ச வேலம்மாள் ஸ்கூல் அவர் பேரை நீக்காம லீவு குடுத்து கூடவே நின்னுச்சு. ஹங்கேரியோட போல்கார் குடும்பத்தை காட்டி சில பேர் பேசுவாங்க, மூணு பொண்ணுங்களையும் வீட்லயே வச்சு ஆடவச்சாங்க, ஜூடித் 15 வயசுல கிராண்ட்மாஸ்டர் ஆகி ஃபிஷர் ரெக்கார்டை உடைச்சாங்கன்னு. உண்மை தான், ஆனா அங்க அப்பா அம்மா ரெண்டு பேருமே டீச்சருங்க, வீடே ஸ்கூலா இருந்துச்சு, படிப்பு நிக்கல.

நம்ம ஆனந்த் சாரை எடுத்துக்கோங்க. எக்மோர் டான் பாஸ்கோல படிச்சு, லயோலால பி.காம் முடிச்சவரு. 1988ல இந்தியாவோட முதல் கிராண்ட்மாஸ்டர் ஆகும்போது வயசு பதினெட்டு. அஞ்சு தடவை உலக சாம்பியன். அதுக்கு முன்னாடி போனீங்கன்னா 1935ல அலெக்கைனை ஜெயிச்சு உலக சாம்பியன் ஆன மாக்ஸ் ஊவே ஆம்ஸ்டர்டாம்ல கணக்கு வாத்தியார், போட்வின்னிக் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர். இதை சொன்னா இப்போ போட்டி வேறன்னு சொல்லுவாங்க, சரிதான், இன்னைக்கு டாப்ல வரணும்னா பன்னெண்டு வயசுலயே முழு நேரம் தேவைப்படுது. ஆனா உங்க பையன் கேள்வி டாப் பத்தி இல்லையே, அடுத்த மூணு வருஷத்தை என்ன பண்றதுங்கிறது தானே.

பிரக்ஞானந்தா வீட்டையும் கொஞ்சம் பாருங்க, ஒரே அப்பா அம்மா, ஒரே வீடு. தம்பி 2018ல 12 வயசுல கிராண்ட்மாஸ்டர், அக்கா வைஷாலி 2023 கடைசில 22 வயசுல. அந்த அஞ்சு வருஷம் அந்த பொண்ணு எவ்ளோ கேள்வி கேட்டிருக்கும், தம்பி ஆயிட்டான் நீ எப்போன்னு. விடாம ஆடி அதே 2023ல பெண்கள் கிராண்ட் ஸ்விஸ் டோர்னமென்ட் ஜெயிச்சு பெண்கள் கேண்டிடேட்ஸ் போனாங்க, 2025ல மறுபடியும் ஜெயிச்சாங்க. லேட்டா வர்றவங்க இருக்காங்க, அதனால 1720ன்னு உங்க பையனை நான் கழிச்சு கட்டல.

ஒரு விஷயம் பண்ணுங்க. அடுத்த டோர்னமென்ட்ல ஹாலுக்கு வெளிய உக்காந்து செஸ் ரிசல்ட்ஸ் சைட்டை ரிஃப்ரெஷ் பண்றதை நிறுத்திட்டு, அவன் தோத்துட்டு வரும்போது என்ன பண்றான்னு பாருங்க. நேரா ஃபோனை வாங்கி இன்ஜின்ல (நல்ல மூவ் சொல்ற செஸ் சாஃப்ட்வேர்) போட்டு, ஐயோ இங்க விட்டுட்டேன்னு சொல்லிட்டு கேம் விளையாட போயிடுறானா, இல்ல மூவ் எழுதின ஸ்கோர் ஷீட்டை விரிச்சு போர்டை வச்சு எங்கே தப்பா யோசிச்சேன்னு தானா தேடுறானா? குகேஷோட அப்போதைய கோச் விஷ்ணு பிரசன்னா கிராண்ட்மாஸ்டர் லெவல் வர்ற வரைக்கும் இன்ஜின் பக்கமே விடல, சொந்த மூளையில கணக்கு போட வச்சாரு. தோத்த கேம் கூட தனியா உக்காரக்கூடிய பசங்களை நான் பாத்த வரைக்கும் அவங்களை யாரும் தள்ள வேண்டியதில்ல. ஜெயிச்ச கேமை மட்டும் காட்டுற பையனை ஸ்கூல்ல இருந்து நிறுத்தினா, மிச்சமாகுற நேரம் எல்லாம் ஆன்லைன் பிளிட்ஸ்ல (சில நிமிஷத்துல முடியுற ஆட்டம்) தான் போகும்.

வேலை பத்தியும் சொல்லிடுறேன். 2500 போய் நார்ம் எடுக்கணும்னா வெளிநாட்டு ஆட்டக்காரங்க கூட ஆடணும், ஃபிளைட், ரூம், என்ட்ரி ஃபீஸ், கோச் ஃபீஸ், அதுக்கு உங்க சம்பளத்துல எவ்ளோ ஒதுக்க முடியும்னு உங்க வீட்டம்மா கூட உக்காந்து பேப்பர்ல எழுதுங்க, வீட்டு லோன் இருக்குன்னு சொன்னீங்க, அதையும் சேத்து. கிராண்ட்மாஸ்டர் ஆகலைன்னா எல்லாம் போச்சுன்னும் இல்ல. கோனேரு ஹம்பி மாதிரி ஆட்டக்காரங்களுக்கு ஓஎன்ஜிசி வேலை குடுத்திருக்கு, ரயில்வே மாதிரி இடங்கள்ல ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கு, கோச்சா, ஆர்பிட்டரா (நடுவரா) நல்லா சம்பாதிக்கிறவங்க இருக்காங்க. ஐஐடி மெட்ராஸ் 2024ல விளையாட்டு வீரர்களுக்கு தனி அட்மிஷன் கொண்டு வந்துச்சு, ஆனா அதுக்கும் ஜேஈஈ அட்வான்ஸ்டு ரேங்க் லிஸ்ட்ல பேரு வரணும். இந்த கதவு எதை தொட்டாலும் பத்தாவதும் ப்ளஸ் டூவும் கேப்பாங்க.

அதனால என் முடிவு: இந்த வருஷமும் அடுத்த வருஷமும் ரெகுலர் ஸ்கூல், பத்தாவது பப்ளிக் எழுதட்டும். ஸ்கூல்ல பேசி டோர்னமென்ட் நாளுக்கு லீவு வாங்குங்க, பல ஸ்கூல்ல ஹெச்எம் நேர்ல கேட்டா குடுப்பாங்க. டியூஷன் எதுவும் இருந்தா குறைச்சு அந்த நேரத்தை செஸ்ஸுக்கு குடுங்க. பத்தாவது முடியும்போது 2100 பக்கத்துல இருந்தா ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவை திறந்தநிலைப் பள்ளில எழுதுறதை பத்தி நானே உங்ககூட உக்காந்து பேசுறேன். இது என் அனுபவத்துல வச்ச கோடு, கோச் வேற சொன்னா காரணத்தோட சொல்ல சொல்லுங்க, கேக்குறேன்.

பையன்கிட்ட குகேஷ் எல்லாம் லக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க சார். அவனை ஸ்கூல்ல வைக்கிறதுக்காக அவன் மதிக்கிற ஆளை சின்னதாக்கினா, உழைச்சாலும் லக்கு தான்னு அவன் மனசுல பதிஞ்சுடும், அது படிப்புக்கும் ஆகாது செஸ்ஸுக்கும் ஆகாது. அவர் பெரிய ஆள், அந்த பேருக்கு தகுதியானவர், நீ இப்போ இருக்கிற இடம் இது, இங்கிருந்து போற வழி இதுன்னு நேரா சொல்லுங்க, பதிமூணு வயசுக்கு புரியும்.

நேர்ல பாக்கும்போது பையனையும் கூட்டிட்டு வாங்க. ஃபிடே சைட்ல இருக்கிற அவன் ரேட்டிங் கிராஃபை பிரிண்ட் எடுத்துக்கோங்க, கூடவே கடைசியா தோத்த நாலஞ்சு கேமோட ஸ்கோர் ஷீட், இன்ஜின் போடாம அவன் கையால எழுதின குறிப்போட. மச்சானும் வரேன்னா வரட்டும்.