சங்கிலிதான் முதலில், தம்பி

கேள்வி: வயது 25. ஊர் களக்காடு பக்கம், அப்பா வாழை போடுகிறார். நான் திருநெல்வேலி ஜங்ஷனில் மொபைல் கடையில் வேலை பார்க்கிறேன். சேமிப்பு 80,000, கடை போடப் போவதாகச் சொல்லி அம்மாவின் சங்கிலியை வாங்கி அடகு வைத்தது 1,20,000. இந்த இரண்டு லட்சத்தில் ஆறு மாதமாகப் பங்குச் சந்தையில் ஆப்ஷன் வாங்கினேன். மிச்சம் 62,000. விட்டதைப் பிடிக்க வழி சொல்லுங்கள்.

பதில்: தம்பி, ‘விட்டதைப் பிடிக்க’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. 62,000 மறுபடி இரண்டு லட்சம் ஆக மூன்று மடங்குக்கு மேல் வளர வேண்டும். அந்த அவசரத்தோடு உட்கார்ந்தால் ஒரு டிரேடுகூட நிதானமாக வராது.

நீங்கள் மட்டும் தோற்கவில்லை. 2021-22 முதல் 2023-24 வரை ஃபியூச்சர்ஸ் என்ற முன்பேர ஒப்பந்தங்களிலும் ஆப்ஷன்ஸிலும் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேருக்கு நஷ்டம் என்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் ஆய்வு வெளியிட்டது. ஆப்ஷன் என்பது கெடு வைத்த ஓர் உரிமை: குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ. வாங்கி வைத்த ஆப்ஷனின் மதிப்பு, சந்தை அசையாமல் நின்றாலே கரையும். எக்ஸ்பைரி அன்று, அதாவது அந்தக் கெடு முடியும் நாளில், கண்ணெதிரே கரையும். புதிதாக வருகிறவர் தொடங்க வேண்டிய இடம் அது இல்லை.

ஆனி, ஆடிக் காற்றுக்கு அப்பா எப்போது முட்டுக் கொடுக்கிறார்? காற்று கிளம்பும் முன்னால்தானே? ஸ்டாப்லாஸும், அதாவது ‘இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு’ என்று போட்டு வைப்பதும், அப்படித்தான். வாங்கும் முன்பே, ‘இது தப்பானால் எவ்வளவு போகும்’ என்று தாளில் எழுதுங்கள். கையில் 12,000 இருந்தால் ஒரு டிரேடில் போகக்கூடியது அதில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 120 ரூபாய். பங்கு விலை 300, ஸ்டாப்லாஸ் 288 என்றால் ஒரு பங்குக்கு 12 ரூபாய் ஆபத்து. அப்போது வாங்க வேண்டியது பத்தே பங்கு, 3,000 ரூபாய்க்கு. இதில் என்ன பெரிதாகக் கிடைத்துவிடும் என்று தோன்றும். பெரிதாகக் கிடைக்காதுதான். ஆனால் பத்து தடவை தொடர்ந்து தோற்றாலும் கையில் பத்தாயிரத்துக்கு மேல் நிற்கும், பதினோராவது தடவை உட்கார முடியும்.

எழுதியதை மாற்றாமல் இருப்பதுதான் கஷ்டம். ஆரம்பத்தில் ஒரு பங்கை 410க்கு வாங்கி, 400இல் ஸ்டாப்லாஸ் போட்டிருந்தேன். விலை 401க்கு வந்ததும் கை தானாக அதை 392க்கு இறக்கியது. அப்புறம் 380. சாப்பாடு தட்டிலேயே ஆறிக் கிடந்தது. நான் போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் 371இல் விற்றேன். பத்து ரூபாயோடு போயிருக்க வேண்டியது 39 ஆனது. அன்றே கோபத்தில் இரண்டு மடங்கு போட்டு இன்னொன்று வாங்கி, அதிலும் இழந்தேன். அதற்குப் பிறகு, ஒரே நாளில் இரண்டு நஷ்டம் வந்தால் ஆப்பை மூடிவிட்டு மறுநாள்தான் திறக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

12,000 என்று கணக்குப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. மீதி 50,000 உங்களுடையது இல்லை, அது சங்கிலிக்குச் சேர வேண்டியது. வட்டி ஒவ்வொரு நாளும் ஏறிக்கொண்டே இருக்கிறது. இந்த வாரமே ஒரு நாள் லீவு கேட்டு அதை அடகுக் கணக்கில் கட்டுங்கள். ரசீதோடு ஊருக்குப் போய், கடை போடவில்லை, பணம் எங்கே போனது என்று அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள், அழுவார்கள். சரி, அதையும் கேட்டுவிட்டு, பாக்கி 70,000ஐயும் வட்டியையும் சம்பளத்தில் எத்தனை மாதத்தில் அடைக்கலாம் என்று அவர்களோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.