முற்றுகைக் காலத்தில் மூன்றாவது டிரெய்லர்

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். என் டிரெய்லர்கள் இரண்டு துறைமுகத்துக்கு ஓடுகின்றன. மேற்காசியக் கடல்வழி போர் முற்றுகையால் முடங்கிய பிறகு, மாதம் 40 டிரிப் 22 ஆகிவிட்டது. டீசலும் டிரைவர் படியும் போக 70,000 ரூபாய் நிற்கிறது. ஒரு வண்டிக்கு இன்னும் மாதத் தவணை 62,000. வீட்டுச் செலவு 35,000; இன்சூரன்ஸ், வரி, வண்டி நிறுத்தும் வாடகை 20,000. வங்கி வைப்பில் 7 லட்சமும், மனைவியின் நகை 18 பவுனும் உண்டு. “பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டது, கையெழுத்தானதும் தேங்கிய சரக்கெல்லாம் வந்து கொட்டும். இப்போதே பழைய வண்டி ஒன்றை வாங்கிப் போடுங்கள்” என்கிறார் மைத்துனர். முன்பணம் 5 லட்சம், தவணை 45,000. வாங்கலாமா?

பதில்: வண்டி மலிவு என்பதில் உங்கள் மைத்துனர் சொல்வது சரி. ஓட்டம் குறைந்தால், தவணை கட்ட முடியாதவர்கள் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அவர் தவறுவது தேதியில். பேச்சு தொடங்கினால் முற்றுகை தளரும் என்று நினைக்கிறார். முற்றுகை போட்டவனுக்குப் பேச்சில் இருக்கும் பிடியே அதுதான், எளிதில் விடமாட்டான். முதல் உலகப் போரில் 1918 நவம்பர் 11 அன்றே பீரங்கிகள் ஓய்ந்தன. ஜெர்மனி மீதான கடல் முற்றுகையோ வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தான பிறகு, 1919 ஜூலையில்தான் விலகியது. உணவுக் கப்பல்களை உள்ளே விடுவதற்கே மார்ச் மாதம் ஆனது.

கையெழுத்தானாலும் கப்பல் மறுநாளே வந்துவிடாது. 2025 ஜனவரியில் காசாவில் போர்நிறுத்தம் வந்தபோது, செங்கடல் தாக்குதல்களுக்கு அஞ்சி விலகியிருந்த பெரிய கப்பல் நிறுவனங்கள் உடனே அங்கே திரும்பவில்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றியே போய்க்கொண்டிருந்தன. போர் ஆபத்துக் காப்பீடு தனியாக வாங்கவேண்டியது. அச்சம் வந்தால் அதன் விலை ஒரே நாளில் ஏறும். இறங்குவதற்கு ஆற அமர யோசிக்கும். வடசென்னைக்காரர்களுக்கு இதைச் சொல்லவும் வேண்டுமா? 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் நம் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு வீசிவிட்டுச் சிறிது நேரத்தில் போய்விட்டது. ஊரைப் பிடித்த பீதி அப்படிப் போய்விடவில்லை.

இனி உங்கள் கணக்கு. மாதச் செலவு 1,17,000, வரவு 70,000. துண்டு விழுவது 47,000. கையிலுள்ள 7 லட்சம் அதை ஏறக்குறைய 15 மாதம் தாங்கும். மூன்றாவது வண்டி வந்தால் மிஞ்சுவது 2 லட்சம். தவணையும் பராமரிப்புமாகச் சுமார் 55,000 கூடி, துண்டு 1,02,000 ஆகும். இரண்டு மாதம்கூடத் தாங்காது. வண்டி இல்லாமலா உங்களுக்கு டிரிப் குறைந்தது? சரக்கு இல்லாமல் குறைந்தது. துறைமுகத்து ஜீரோ கேட் வரிசையில் இரண்டுக்குப் பதில் மூன்று நிற்கும், அவ்வளவுதான்.

நகையை விற்கவும் வேண்டாம், இந்தப் போர்ச் செய்தியை நம்பிப் புதிதாகத் தங்கம் வாங்கவும் வேண்டாம். அடகு வைக்க நேர்ந்தால் ஓடுகிற வண்டியின் தவணைக்காக மட்டும் வையுங்கள்.

இந்த வாரமே டிரிப் நோட்டை எடுத்து, எந்தச் சரக்கு எங்கே போகிறது என்று பிரித்து எழுதுங்கள். ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் சரக்கு ஐரோப்பாவுக்குப் போகிறதென்றால் மேற்குக் கடல்வழியின் அடி அதற்கு நேராக விழும். சிங்கப்பூர் பக்கம் போகும் சரக்குக்கு அவ்வளவு சிக்கல் இருக்காது; அந்த ஏஜென்டுகளிடம், வாடகையைச் சற்றுக் குறைத்தாவது ஓட்டம் கேளுங்கள். கடன் கொடுத்த நிறுவனத்திடம் தவணைக் காலத்தை நீட்டிக்கச் சொல்லிக் கேட்பதென்றால், ஒரு தவணைகூடத் தவறாத இப்போதே கேளுங்கள். கடன் நாணயத்தைக் காட்டும் சிபில் மதிப்பெண் விழுந்த பிறகு போனால் நாற்காலிகூடப் போடமாட்டார்கள்.

மூன்று மாதம் தொடர்ந்து 40 டிரிப் ஓடட்டும், மூன்றாவது வண்டியை அப்போது பார்க்கலாம். அன்றைக்கு விலை ஒரு லட்சம் கூடியிருக்கும் என்பார் மைத்துனர். கூடியிருக்கலாம். அந்த ஒரு லட்சத்தைக் கொடுத்தே வாங்குங்கள்.