சின்ன கேஸ், பாதி கேம்ல அணையுற கம்ப்யூட்டர்

ப்ரோ, 11 லிட்டர் கேஸ், ரைசன் 5800எக்ஸ் சிபியு, ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு, 600 வாட் பவர் சப்ளை. சிபியு 90 டிகிரி, பாதி கேம்ல பட்டுன்னு அணைஞ்சிடுதுன்னு கேட்டிருக்கீங்க. சூட்டு மேல பழி போடாதீங்க. 5800எக்ஸோட உச்ச வரம்பே 90தான். அதைத் தொட்டா வேகத்தைக் குறைச்சுக்கும், சட்டுன்னு அணையாது. என் சந்தேகம் பவர் சப்ளை மேல. 3080க்கு 320 வாட்னு போட்டிருந்தாலும் சில மில்லிவினாடி அதுக்கு ரொம்ப மேல எகிறும். அந்தக் கார்டோட கம்பெனி என்விடியாவே 750 வாட் பவர் சப்ளை வைக்கச் சொல்லுது.

காசு போடுறதுக்கு முன்னாடி ஆஃப்டர்பர்னர்ங்கிற சாஃப்ட்வேர்ல கிராபிக்ஸ் கார்டோட பவர் லிமிட்டை 75 சதவீதத்துக்கு இறக்கி ஒரு ராத்திரி விளையாடிப் பாருங்க. அணையலன்னா ஆள் மாட்டிக்கிட்டான். அப்புறம் கோலாலம்பூர் லோ யாட் பிளாசா பக்கம் போய் 750 வாட் எஸ்எஃப்எக்ஸ், அதாவது சின்ன சைஸ் பவர் சப்ளை, தேடுங்க. பழைய பவர் சப்ளையோட கேபிளைப் புதுசுல செருகவே செருகாதீங்க; பின் வரிசை மாறியிருந்தா போர்டு காலி.

சூட்டுக்கு, பயோஸ்ல (மதர்போர்டு செட்டிங்ஸ்) சிபியு பவரைக் குறைக்கிற ஈகோ மோட் 65 வாட் போதும், கேம்ல பெருசா வித்தியாசம் தெரியாது. உங்க படத்துல மேல் ஃபேன் ஒன்னு காத்தை உள்ளே இழுக்குது, திருப்பி மாட்டுங்க. ஃபேன்ல குறுக்குச் சட்டம் இருக்கிற பக்கமாத்தான் காத்து வெளியே போகும். செந்தூல் வெக்கையில ஏர்கான் இல்லாத ரூம்னா, கேஸைச் சுவரோட ஒட்டி வேற வைக்காதீங்க.