வேறு நாட்டுக் கடலில் ஆபத்து என்றால் யார் வருவார்கள்?

கேள்வி: என் தம்பி சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேரப் போகிறான். கப்பல் போகும் வழியில், எங்கள் நாட்டோடு உறவு சரியில்லாத ஒரு நாட்டின் மீட்பு எல்லையும் வருகிறது. அங்கே விபத்து நடந்தால் அந்த நாட்டுக் கடலோரக் காவல்படை உதவிக்கு வருமா? வந்தால் செலவை நாங்கள் கட்ட வேண்டியிருக்குமா? வேலைக்கு ஏற்பாடு செய்த ஏஜென்ட், 'சர்வதேச மீட்புப் பதிவு' என்று ஒன்று இருக்கிறது, வருடா வருடம் பணம் கட்டினால்தான் எல்லா நாட்டுக் காவல்படையும் வரும் என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். மாலுமியோ அவர் குடும்பமோ பணம் கட்டிச் சேரும்படி அப்படி ஒரு பதிவு எந்த நாட்டிலும் கிடையாது. கடலில் தத்தளிப்பவர் சந்தா கட்டியவரா என்று எந்த மீட்பு மையமும் கேட்பதில்லை. கேட்க அதற்கு உரிமையும் இல்லை.

உங்கள் பயத்துக்குக் காரணம் வரைபடத்தில் இருக்கும் கோடுகள். 1979-இல் ஹாம்பர்க் நகரில் கடல் தேடல் மீட்பு உடன்படிக்கை ஏற்கப்பட்டது. 1985-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி உலகக் கடல்கள் 13 பெரும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் கரையோர நாடுகள் தங்களுக்கு ஒரு மீட்பு எல்லையை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. நீங்கள் பார்த்த கோடு அதுதான். அது நாட்டின் எல்லைக்கோடு அல்ல. மீட்பு எல்லைக்கும் நாட்டு எல்லைக்கும் சம்பந்தம் இல்லை என்று உடன்படிக்கையிலேயே எழுதியிருக்கிறது. ஆபத்தில் இருப்பவர் எந்த நாட்டவர், என்ன நிலையில் இருக்கிறார் என்று பார்க்காமல் உதவ வேண்டும் என்றும் அதே உடன்படிக்கை சொல்கிறது.

அந்த எல்லைக்குள் ஆபத்து என்று தகவல் வந்தால், அந்த நாட்டின் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் வேலையைக் கையில் எடுக்க வேண்டும். அதற்காகக் கட்டாயம் அந்த நாட்டுக் கப்பல்தான் வரும் என்று நினைக்காதீர்கள். நடுக்கடலில் முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் பக்கத்தில் போய்க்கொண்டிருக்கும் ஏதோ ஒரு வணிகக் கப்பல்தான். ஆபத்துச் செய்தி கேட்ட கேப்டன் முழு வேகத்தில் போய் உதவ வேண்டும் என்பது, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான 'சோலாஸ்' உடன்படிக்கையின் விதி, ஐ.நா. கடல் சட்டத்தின் 98-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. தன் கப்பலுக்கும் ஆட்களுக்கும் ஆபத்து வரும் என்பது போன்ற காரணம் இருந்தால் விலக்கு உண்டு. எந்தக் கப்பல் எங்கே போகிறது என்று பார்த்து அருகில் உள்ளதைத் திருப்பிவிட, 'ஆம்வர்' என்ற ஏற்பாட்டை அமெரிக்கக் கடலோரக் காவல்படை 1958-இலிருந்து நடத்துகிறது. எந்த நாட்டு மீட்பு மையமும் அதைக் கேட்டுப் பயன்படுத்தலாம்.

சரி, அந்த நாட்டு மையம் போனையே எடுக்கவில்லை என்றால்? ஆபத்துச் செய்தி முதலில் எந்த மையத்தின் காதில் விழுகிறதோ, உரிய மையம் பொறுப்பை ஏற்கும் வரை அதுதான் வேலையை நடத்த வேண்டும். 'இது எங்கள் எல்லை இல்லை' என்று போனை வைத்துவிடக் கூடாது. உறவு சரியில்லாத நாடுகளின் மையங்கள்கூட இந்த விஷயத்தில் மட்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். தினசரி அரசியலை வைத்து இதை எடை போடாதீர்கள்.

எனக்குக் கோபம் வருவது மீட்ட பிறகு நடக்கும் கூத்தில்தான். 2001 ஆகஸ்டில் டாம்பா என்ற நார்வே சரக்குக் கப்பல், மூழ்கிக்கொண்டிருந்த படகிலிருந்து, அடைக்கலம் தேடி வந்த 433 பேரைக் காப்பாற்றியது. அவர்களை இறக்க ஆஸ்திரேலியா அனுமதி தரவில்லை. கடமையைச் செய்த கேப்டன் கப்பல் நிறைய ஆட்களோடு கடலில் காத்துக்கிடந்தார். அதற்கப்புறம் 2004-இல் விதிகளைத் திருத்தினார்கள். 2006-இல் நடைமுறைக்கு வந்தது. மீட்ட கேப்டனை அந்தப் பொறுப்பிலிருந்து சீக்கிரம் விடுவிக்க வேண்டும், மீட்கப்பட்டவர்களைப் பாதுகாப்பான இடத்தில் இறக்க நாடுகள் ஒத்துழைக்க வேண்டும் என்று எழுதினார்கள். ஆனால் எந்தத் துறைமுகம் என்று அடித்துச் சொல்லவில்லை. மால்டா அந்தத் திருத்தத்தை ஏற்கவே இல்லை. மத்தியதரைக் கடலில் மால்டாவும் இத்தாலியும் 'உன் துறைமுகம், என் துறைமுகம்' என்று வருடக்கணக்கில் வாதாடுவதற்கு இந்த ஓட்டைதான் வழிவிட்டது. மாநாடு கூட்டி, கைகுலுக்கி, படம் எடுத்துக்கொள்ளத் தெரிந்த அரசுகளுக்கு ஒரு துறைமுகத்தின் பெயரை எழுதத் தெரியவில்லை. உங்கள் தம்பி முறையான ஆவணங்களோடு போகும் மாலுமி, அதனால் இந்தச் சிக்கல் அவரைத் தொட வாய்ப்பு குறைவு.

அடுத்தது செலவு. 1989-ஆம் ஆண்டின் கடல் மீட்பு உதவி உடன்படிக்கையின்படி, உயிர் காப்பாற்றப்பட்டவர் அதற்காகப் பணம் தர வேண்டியதில்லை. கப்பலையும் சரக்கையும் இழுத்துவந்தால் கணக்கு வேறு. அது கப்பல் உரிமையாளரும் காப்பீட்டுக்காரரும் பார்த்துக்கொள்ள வேண்டியது. கரை சேர்ந்த தம்பியை ஊருக்கு அனுப்புவதும் உரிமையாளர் பொறுப்புதான். 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இதைச் சொல்கிறது. உரிமையாளர் கைவிட்டால் அந்தச் செலவை ஈடுகட்டக் காப்பீடு போன்ற நிதி உத்தரவாதம் கப்பலுக்கு இருக்க வேண்டும் என்பதும் 2017-இலிருந்து கட்டாயம்.

இங்கேதான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய விதிவிலக்கு வருகிறது. இந்தத் தொழிலாளர் உடன்படிக்கை மீன்பிடிக் கப்பல்களுக்குப் பொருந்தாது. தோணி மாதிரியான பாரம்பரிய மரக்கலங்களுக்கும் பொருந்தாது. கப்பலில் என்னென்ன பாதுகாப்புக் கருவிகள் இருக்க வேண்டும் என்று சொல்லும் சோலாஸ் விதிகளில் பெரும்பகுதியும் மீன்பிடிக் கப்பல்களையும், 500 டன்னுக்குக் குறைந்த சரக்குக் கப்பல்களையும் தொடுவதில்லை. அப்படியானால் என்ன அர்த்தம்? ஆபத்து வந்தால் மீட்க வருவதில் வித்தியாசம் இல்லை; மரத்தோணியில் இருப்பவர் உயிரும் உயிர்தான். ஆனால் ஆபத்து என்று சொல்ல வேண்டிய கருவி அந்தக் கப்பலில் இல்லாமல் போகலாம். மீட்ட பிறகு ஊருக்கு டிக்கெட் எடுக்க யாரும் இல்லாமல் போகலாம். முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் பாதுகாப்பு போய்விடுகிறது. மோசமான ஏஜென்ட்டுகள் விளையாடும் இடம் இதுதான்: 'சரக்குக் கப்பல்' என்று பேசி, வெளிநாட்டில் இறங்கியதும் மீன்பிடிக் கப்பலிலோ பழைய மரக்கலத்திலோ ஏற்றிவிடுகிறார்கள். ஆகவே விமான டிக்கெட்டுக்கு முன்னால் கப்பலின் பெயரையும் ஐஎம்ஓ எண்ணையும் எழுத்தில் வாங்குங்கள். அது கப்பலுக்குரிய ஏழு இலக்க அடையாள எண். பெயரும் கொடியும் மாறினாலும் எண் மாறாது. அதை வைத்து அது என்ன கப்பல், எத்தனை டன், எந்த நாட்டில் பதிவு என்று பார்த்துவிடலாம். ஒப்பந்தத்திலும் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் தர மாட்டேன் என்கிற ஏஜென்ட்டிடம் ஒரு நிமிஷம்கூட நிற்க வேண்டாம்.

ஏஜென்ட் சொன்ன 'பதிவு' எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. கப்பலில் 'எபர்ப்' என்று ஓர் அவசர ரேடியோ கருவி இருக்கும். கப்பல் மூழ்கினால் அது தானாகக் கழன்று மிதந்து, 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் சைகை அனுப்பும். அந்தச் செயற்கைக்கோள் ஏற்பாட்டின் பெயர் காஸ்பஸ்-சார்சாட். பனிப்போர் காலத்தில் அமெரிக்கா, சோவியத் யூனியன், கனடா, பிரான்ஸ் நான்கும் சேர்ந்து தொடங்கியது. 1982-இலிருந்து உயிர்களைக் காப்பாற்றி வருகிறது. ஆபத்தில் இருப்பவர் அதற்குக் காசு கட்டுவதில்லை. அந்தக் கருவியைத்தான் கப்பல் உரிமையாளர் பதிவு செய்ய வேண்டும். கப்பல் எது, அவசரத்தில் யாரைக் கூப்பிடுவது என்ற விவரம் அந்தப் பதிவில் இருக்கும். சைகைகளில் பெரும்பாலானவை தவறுதலாக வருபவை என்பதால், மீட்பு மையம் முதலில் பதிவில் உள்ள எண்ணுக்குத்தான் போன் செய்யும். பழைய எண் இருந்தால் பொன்னான நேரம் போகும். இது முழுக்க உரிமையாளரின் வேலை, மாலுமியின் குடும்பத்திடம் வசூலிக்கும் விஷயமே இல்லை. இந்த அரைகுறை உண்மையைத்தான் ஏஜென்ட் உங்களிடம் விலைபேசுகிறார். தம்பி கப்பலில் ஏறியதும் செய்யக்கூடியது ஒன்று உண்டு: எபர்ப்பின் பேட்டரிக் கெடுவும், அதைக் கழற்றிவிடும் கருவியின் கெடுவும் மேலேயே ஒட்டியிருக்கும். முடிந்துவிட்டதா என்று பார்த்து, முடிந்திருந்தால் அதிகாரியிடம் சொல்லட்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது. கப்பல் எங்கே இருக்கிறது என்று காட்டும் செயலியில் புள்ளி திடீரென்று மறைந்தால் கப்பல் மூழ்கிவிட்டதாக நினைத்துப் பதறாதீர்கள். கரையில் உள்ள நிலையங்களுக்குச் சில பத்துக் கடல் மைலுக்கு அப்பால் அந்தச் சைகை எட்டாது. ஆழ்கடலுக்குப் போனால் புள்ளி மறைவது சகஜம். அந்த நேரம் பார்த்து 'தேடல் விமானம் அனுப்பப் பணம் கட்டுங்கள்' என்று போன் வந்தால் அது மோசடி. எந்த மீட்பு மையமும் குடும்பத்திடம் பணம் கேட்டுத் தேடலைத் தொடங்குவதில்லை.

உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய நிலை என்றால், முதலில் கப்பல் நிறுவனத்தின் அவசர எண்ணுக்கு, அங்கே பதில் இல்லை என்றால் உங்கள் நாட்டு மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்கு நேராகப் போன் செய்யுங்கள். ஏஜென்ட் நடுவில் வேண்டாம். உரிய நாட்டு மையத்தோடு பேசுவது அவர்கள் வேலை. கப்பலின் பெயர், ஐஎம்ஓ எண், ரேடியோ அடையாளமான ஒன்பது இலக்க எம்எம்எஸ்ஐ எண், கடைசியாகப் புறப்பட்ட துறைமுகம், சேர வேண்டிய துறைமுகம், தம்பி கடைசியாகப் பேசிய நாளும் நேரமும், கப்பலின் சாட்டிலைட் போன் எண் — இவை ஒரு தாளில் எழுதி வீட்டில் இருக்கட்டும்.

ஏஜென்ட் கேட்ட பணத்தைப் பற்றி இன்னொன்று. வேலை வாங்கித் தருவதற்கே மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது அதே 2006 உடன்படிக்கை. பாஸ்போர்ட், மாலுமிப் புத்தகம், சட்டப்படியான மருத்துவச் சான்றிதழ் இவற்றின் செலவு மட்டும் மாலுமியுடையது. விசா செலவுகூட உரிமையாளர் தலையில். 'மீட்புப் பதிவு' கேட்டவர் அடுத்து 'துறைமுகப் பாதுகாப்பு வைப்புத்தொகை' என்று வருவார். அவர் அனுப்பிய செய்திகளை அழிக்காமல் வைத்து, மாலுமிகளை வேலைக்கு அனுப்ப உரிமம் தரும் உங்கள் நாட்டு அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். அங்கே காகிதம் மேசை மேசையாக நகரும், அதைச் சொல்லாமல் விட முடியாது. அதுவரை சும்மா இருக்க வேண்டாம். 'சீஃபேரர்ஹெல்ப்' என்ற இலவச உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது, பல மொழிகளில் பேசுவார்கள், குடும்பத்தினரும் கூப்பிடலாம். தம்பியின் பாஸ்போர்ட் அந்த ஏஜென்ட்டிடம் இருந்தால் இன்றே போய்த் திரும்ப வாங்கிவிடுங்கள்.