முடிவு தெரிந்த நாடகத்தை ஏன் படிக்க வேண்டும்?

கேள்வி: இங்கே பத்தாம் ஆண்டில் படிக்கும் என் மகளுக்கு ஜி.சி.எஸ்.இ. என்னும் பள்ளிப் பொதுத்தேர்வின் ஆங்கில இலக்கியத்தில் 'ரோமியோ ஜூலியட்' பாடமாக வந்திருக்கிறது. காதலர் இருவரும் இறந்துவிடுவார்கள் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்ட பிறகு மீதியை எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்கிறாள். பதினான்கு வயது நிரம்பாத பெண்ணின் காதலைப் பாடமாக வைக்கலாமா என்பது என் கவலை.
– ஒரு வாசகி, லண்டன்

பதில்: உங்கள் மகளின் கேள்வி, நாடகத்தின் உயிர்நாடியைத் தொடுகிற கேள்வி. முன்னுரையாக வரும் பதினான்கு வரிகளிலேயே ஷேக்ஸ்பியர் முடிவைச் சொல்லிவிடுவதால், அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவல் போய், எந்த இடத்தில் இதைத் தடுத்திருக்கலாம் என்ற பதைப்போடு ஒவ்வொரு காட்சியையும் பார்க்கிறோம். அவருக்கு மூலமாக இருந்த, 1562இல் வெளிவந்த ஆர்தர் புரூக்கின் நெடும்பாட்டில் இந்தக் கதை மாதக்கணக்கில் நீள்கிறது. ஷேக்ஸ்பியரோ அதை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கும் வியாழக்கிழமை விடியலுக்கும் இடையில் அடக்கிவிட்டார்.

நான்காம் அங்கத்தின் இரண்டாம் காட்சியை மகளிடம் காட்டுங்கள். பாதிரியார் சொல்லிக்கொடுத்தபடி ஜூலியட் தந்தையிடம் மன்னிப்புக் கேட்கிறாள்; மகள் பணிந்துவிட்டாள் என்று மகிழ்ந்துபோன கபுலெட், பாரிஸ் என்னும் பிரபுவோடு வியாழனன்று நடக்கவிருந்த அவள் திருமணத்தைப் புதனுக்கு மாற்றிவிடுகிறார். அதனால், அந்தத் திருமணத்திலிருந்து தப்பப் பாதிரியார் கொடுத்த, நாற்பத்திரண்டு மணி நேரம் பிணம்போல் கிடக்கச் செய்யும் மருந்தை அவள் செவ்வாய் இரவே குடிக்க நேர்கிறது; நாடு கடத்தப்பட்டு மாந்துவா நகரில் இருக்கும் ரோமியோவுக்கு இந்த ஏற்பாட்டைச் சொல்லும் கடிதம் போய்ச்சேரக் கிடைத்த அவகாசத்திலும் ஒரு நாள் குறைந்துவிடுகிறது. கடிதம் கொண்டுபோன துறவியோ, கொள்ளைநோய்ச் சந்தேகத்தில் ஒரு வீட்டுக்குள் அடைக்கப்பட்டுவிடுகிறார். இது கதைக்காகச் செய்த வசதி என்று இன்று நமக்குத் தோன்றலாம். ஆனால் 1592 தொடங்கிக் கொள்ளைநோயால் நாடக அரங்குகள் நெடுநாள் மூடிக்கிடந்ததைக் கண்ட லண்டன் மக்களுக்கு அது அன்றாட அச்சம்.

மகள் எழுதப்போவது ஏ.கியூ.ஏ. வாரியத் தேர்வு என்றால், அங்கே நூலைக் கையில் வைத்துக்கொள்ள முடியாது. ஒரு பகுதியை அச்சிட்டுக் கொடுத்து, அதை முழு நாடகத்தோடும் இணைத்து எழுதச் சொல்வார்கள். இப்படிக் காரணத்தைப் பின்தொடர்ந்து படித்தவர்களுக்கு அது எளிது.

உங்கள் கவலைக்கு வருகிறேன். புரூக்கின் நாயகியைவிட ஜூலியட்டின் வயதை ஷேக்ஸ்பியர் வேண்டுமென்றே குறைத்திருக்கிறார். முதல் அங்கத்தில், இன்னும் இரண்டு கோடைகள் கழியட்டும் என்று பாரிஸிடம் சொல்கிற அதே தந்தை, மூன்றாம் அங்கத்தின் ஐந்தாம் காட்சியில், மணம் செய்ய மறுத்தால் தெருவில் பிச்சையெடுத்துச் சாகவேண்டியதுதான் என்று மிரட்டுகிறார். தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறாள். பாலூட்டி வளர்த்த செவிலித்தாயும், ஏற்கெனவே ரோமியோவை மணந்துவிட்டவளிடம், பாரிஸை மணந்துகொள் என்கிறாள். பெரியவர்கள் ஒவ்வொருவராகக் கைவிடுவதை அந்த வயதுதான் இவ்வளவு கடுமையாக உணரவைக்கிறது என்பது என் கருத்து. எனவே பாடமாக வைத்ததில் எனக்கு மறுப்பில்லை. அந்தக் காட்சியை மட்டுமாவது மகளோடு உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள். தாயின் வரிகளை மகளும், ஜூலியட்டின் வரிகளை நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.