இலங்கை மலைநாட்டு நுவரெலியாவில் இன்னும் உறைபனி விழுகிறது. அப்படியிருக்க, இரவுகள் சூடாகி வருகின்றன என்பதை எப்படி நம்புவது?

ஜனவரியில் வெள்ளைப் புல்லைப் படம் பிடித்துப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நீங்களும் அப்படி வந்து போனவராக இருக்கலாம். நான் நுவரெலியாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். அதனால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இரண்டுமே உண்மை. 1950க்குப் பிறகு உலக நிலப்பரப்பில் பகல் உச்சத்தைவிட இரவு வெப்பநிலை வேகமாக ஏறி, இரண்டுக்குமான இடைவெளி சுருங்கியது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை; ஐரோப்பாவில் 1980களுக்குப் பிறகு காற்று மாசு குறைந்து வெயில் கூடியதால் இடைவெளி மறுபடி விரிந்தது. 1,800 மீட்டருக்கு மேலே இருக்கும் எங்கள் ஊரில் மேகம்தான் கணக்கைத் தீர்மானிக்கிறது. ஜூன், ஜூலையில் மழைமேகம் மூடிக் கிடக்கும்போது இடைவெளி 5, 6 பாகை செல்சியஸ்தான். பெப்ரவரியில் வானம் வெளுத்துக் காற்றும் காய்ந்தால் 10 பாகையைத் தாண்டும். அப்படி ஒரு இரவில் உறைபனி விழுவதும், வருடக்கணக்கில் சராசரி ஏறுவதும் ஒன்றையொன்று மறுக்காது. நான் வானிலை படித்தவள் இல்லை, ஆனால் இதற்கு அவ்வளவு படிப்பும் தேவையில்லை.

அம்மா கொழுந்து பறித்த மலை (தேயிலை நிற்கும் காட்டை அப்படித்தான் சொல்வோம்) ஓடையோரப் பள்ளத்தில் இருந்தது. குளிர்ந்த காற்று கனம் கூடியது, இரவில் சரிந்து வந்து பள்ளத்தில்தான் தேங்கும். ஒரு பெப்ரவரியில் விடிந்தபோது செடியெல்லாம் வெள்ளை. வெயில் ஏறியதும் கொழுந்து பழுப்பாகிக் கருகிவிட்டது. மேட்டு மலைக்கு ஒன்றும் ஆகவில்லை. பள்ளத்தில் நின்ற பெண்களுக்கு, அன்றைக்குப் பறிக்க வேண்டிய கிலோ நிறையவில்லை என்று அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்டார்கள். "பனி விழுந்ததுக்கு நாங்களா ஐயா பொறுப்பு?" என்று அம்மா கேட்டார். கணக்கப்பிள்ளை தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார்.

கிலோ இல்லாமல் தோட்டம் எப்படி ஓடும் என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். கிலோவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கருகிப்போன மலையில் அதே கிலோவைக் கேட்டது அநியாயம் என்கிறேன்.

அப்புறம் இந்தச் செய்திக்காரர்கள். உறைபனி என்றதும் புல்வெளியைக் காட்டுவார்கள், லயத்துக்குள் வரமாட்டார்கள். தகரக் கூரை பகலில் கொதிக்கும், இரவில் சட்டென்று ஆறி, அடிப்பக்கம் வேர்த்துப் படுக்கையில் சொட்டும். அதற்குக் கீழே ஒரு சீலிங் அடித்துத் தரச் சொல்லி அப்பா காலத்திலிருந்தே தோட்டத்தில் கேட்டோம். இன்றுவரை அடிக்கவில்லை.