ஒரு பக்கம் குளிர், ஒரு பக்கம் வெக்கை: புது கார் கேட்கலாமா?

கேள்வி: பொள்ளாச்சியிலிருந்து தினமும் கோவைக்குக் காரில் வேலைக்குப் போகிறேன். 2024 மே மாதம் 19 லட்ச ரூபாய்க்கு, இரண்டு பக்கமும் தனித்தனியாகக் குளிரை வைத்துக்கொள்ளும் டூயல் ஸோன் ஏசி உள்ள கார் வாங்கினேன். மூன்று வருட வாரண்டி. 2025 மார்ச் முதல் டிரைவர் பக்கம் வெக்கையாகவும் இடப்பக்கம் ஜில்லென்றும் காற்று வருகிறது. இரண்டு பக்கமும் 22 வைத்தாலும் இதே கதைதான். மனைவி சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, பக்கத்தில் நான் வேர்த்து வழிகிறேன். நான்கு முறை சர்வீஸ் சென்டரில் விட்டும் "எல்லாம் நார்மல்" என்றே திருப்பித் தந்தார்கள். மேனேஜர் "உங்களுக்கு உடம்புச் சூடு சார்" என்று ஊழியர்கள் முன்னால் சிரித்தார். வெறுத்துப்போய் வெளியே தெரிந்த மெக்கானிக்கிடம் ஏசி கேஸ் (குளிர்விக்கும் வாயு) ஏற்றினேன். ஒரு மாதம் இரண்டு பக்கமும் அருமையாகக் குளிர்ந்தது. பிறகு பழையபடியே. சேமிப்பையெல்லாம் போட்டு வாங்கிய வண்டி இது. புது காரோ முழுப் பணமோ, கூடவே மன உளைச்சலுக்கு 10 லட்சமோ கிடைக்க வழி உண்டா?

பதில்: மேனேஜர் சிரித்ததை மறந்துவிடுங்கள். சேமிப்பு, சால்வை, அவமானம் எதையும் மனுவில் ஒரு பத்திக்கு மேல் எழுதாதீர்கள். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே வரிதான்: கேஸ் ஏற்றியதும் ஒரு மாதம் சரியாக இருந்தது. உங்கள் வழக்கைத் தூக்கி நிறுத்துவதும் அதுதான், கெடுக்கப்போவதும் அதுதான்.

டூயல் ஸோன் என்ற பெயரைப் பார்த்து வண்டிக்குள் இரண்டு ஏசி இருப்பதாக நினைக்க வேண்டாம். கம்ப்ரஸர் ஒன்று, கூலிங் காயில் ஒன்று. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக இருப்பது குளிர்காற்றையும் சூடான காற்றையும் கலக்கிவிடும் ஃபிளாப்பும் அதைத் திருப்பும் சின்ன மோட்டாரும்தான். ஒரு பக்கம் மட்டும் சூடானால் எல்லோரும் முதலில் அந்த மோட்டாரைச் சந்தேகிப்பார்கள். ஆனால் மோட்டார்தான் பழுது என்றால் கேஸ் ஏற்றி என்ன ஆகியிருக்கும்? கேஸ் குறைந்த வண்டியில் காயில் முழுவதும் ஒரே மாதிரி குளிராது. கேஸ் நுழையும் பக்கம் ஜில்லென்று இருக்கும், மறுகோடி வெதுவெதுப்பாகவே நிற்கும். பல வண்டிகளில் கேஸ் குறைவது முதலில் வெளியே தெரிவதே இப்படித்தான். ஏற்றிய கேஸ் ஒரு மாதத்தில் போய்விட்டது என்றால் எங்கோ கசிகிறது.

கசியும் பாகத்தை மாற்றலாம். மாற்றக்கூடிய பாகத்துக்காக நுகர்வோர் ஆணையம் காரை மாற்றச் சொல்லாது. வாரண்டி என்பது பழுதான பாகத்தை மாற்றித்தரும் உறுதி, வண்டியையே மாற்றித்தரும் உறுதி அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2006இல் மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் சொல்லிவிட்டது. அது கிளட்ச் தகராறு. புது கார் கிடைக்கவில்லை, போக்குவரத்துச் செலவுக்கு 50,000 ரூபாய் கிடைத்தது. ஏர்பேக் விரியாத வழக்கில் 2022இல் காரையே மாற்றித்தரும் உத்தரவு நிலைத்தது உண்மைதான். அங்கே விபத்தே சாட்சியாக நின்றது, நிபுணர் தேவைப்படவில்லை. உங்களுக்கு இருக்கும் சாட்சி உங்கள் வேர்வை மட்டும்தான். 10 லட்சத்தையும் மறந்துவிடுங்கள். அந்தத் தொகையைப் பார்த்த மாத்திரத்தில் எதிர்த்தரப்பு சமரசப் பேச்சை நிறுத்திவிடும்.

இனி ஆபத்துக்கு வருகிறேன். இந்த மாதிரி வழக்குகளில் கட்சிக்காரர்கள் விழும் குழி ஒன்றே ஒன்றுதான்: பழுது இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டிய நாளில் வண்டி நன்றாக இருக்கும்.

ஏசி வேலை செய்யவில்லை என்று சர்வீஸ் சென்டரில் விடுகிறீர்கள். அவர்கள் கேஸை நிரப்பி, பில்லில் எதுவும் எழுதாமல், "செக் செய்தோம், ஓகே" என்று சாவியைத் தருகிறார்கள். வண்டியைத் திரும்ப எடுக்கும் அவசரத்தில் திருப்தி என்று நீங்களும் கையெழுத்துப் போடுகிறீர்கள். நீங்கள் அனுப்பிய நான்கு ஜாப் கார்டுகளிலும், அதாவது புகாரையும் செய்த வேலையையும் சர்வீஸ் சென்டர் எழுதித்தரும் தாள்களிலும், அந்தக் கையெழுத்து இருக்கிறது. மூன்றில் "ஏசி ஜெனரல் செக்" என்று மட்டும் இருக்கிறது. 2025 மார்ச் கார்டில் மட்டும் டிரைவர் பக்கம் கூலிங் குறைவு என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருக்கிறார். உங்கள் வழக்கு முழுவதும் அந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது. அசலை லாமினேட் செய்யாமல் பத்திரமாக வையுங்கள்.

அடுத்த முறை வண்டியை விடும்போது கேட்க வேண்டியது இதுதான். பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் இந்த வண்டிக்கு எத்தனை கிராம் கேஸ் என்று அச்சிட்டிருக்கும். சர்வீஸ் சென்டரில் உள்ள மிஷின் பழைய கேஸை உறிஞ்சி எடுக்கும்போது எத்தனை கிராம் கிடைத்தது என்று காட்டும். அந்த எடையை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். ஸ்டிக்கரில் உள்ளதில் பாதிதான் கிடைத்தது என்று அவர்கள் கையாலேயே எழுதியிருந்தால், அதன் பிறகு "நார்மல்" என்ற சொல்லுக்கு இடமில்லை. எழுத மறுத்தால் அதே இடத்தில் நின்று அவர்களுக்கும் தயாரிப்பாளருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். வாட்ஸ்அப் வேண்டாம்.

எதிர்த்தரப்பு வக்கீல் வெயிலைப் பற்றியும் பேசுவார். காலையில் பொள்ளாச்சியிலிருந்து வடக்கே போகிறீர்கள், சூரியன் வலப்பக்கம். மாலையில் தெற்கே திரும்புகிறீர்கள், அப்போதும் சூரியன் வலப்பக்கம்தான். இரண்டு நேரமும் வெயில் வாங்குவது டிரைவர் ஸீட். "வண்டியில் குறையில்லை, ரோட்டின் திசை அப்படி" என்று அவர் சொன்னால் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். அதனால் ஓடும் வண்டியில் எடுத்த வீடியோக்கள் உதவாது. நிழலில் நிறுத்தி, இரண்டு பக்கமும் ஒரே செட்டிங் வைத்து, பத்து நிமிடம் ஓடவிட்டு, நான்கு வென்ட்டிலும் தெர்மாமீட்டர் வைத்து, சர்வீஸ் அட்வைசர் முன்னிலையில் கார்டில் எழுத வேண்டும்.

வெளி மெக்கானிக் விஷயம் இதைவிடப் பெரிது. அவர் எடை பார்த்து ஏற்றினாரா, பிரஷர் கேஜைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றினாரா? சரியான கேஸா, சரியான ஆயிலா? எதற்கும் காகிதம் இல்லையென்றால் எதிர்த்தரப்பின் பதில்மனுவில் முதல் பத்தி தயார்: "மனுதாரர் அங்கீகாரமற்ற நபரைக் கொண்டு ஏசியைத் திறந்ததால் வாரண்டி செல்லாது." அந்த வாதத்தை உடைக்க முடியும். பழுது 2025 மார்ச்சிலேயே பதிவாகிவிட்டது, மெக்கானிக் கை வைத்தது அதற்குப் பிறகு. ஆனால் அவர் கசிவை அடைக்கும் லீக் ஸ்டாப் திரவத்தையும் சேர்த்து விட்டிருந்தால் நிலைமை வேறு. சர்வீஸ் சென்டர் தன் மிஷினை உங்கள் வண்டியில் மாட்டவே மறுக்கலாம், மறுப்பதில் நியாயமும் உண்டு. கம்ப்ரஸர் போனால் பழி உங்கள் தலையில் விழும். இன்னொரு முறை வெளியே கேஸ் ஏற்றினால் என்னிடம் வராதீர்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் 38ஆம் பிரிவில், சோதித்தால்தான் தெரியும் குறை என்றால் ஆணையம் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்று இருக்கிறது. செலவை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும். மனுவோடு சேர்த்தே அதற்கான விண்ணப்பத்தையும் போட வேண்டும். பலர் போடுவதில்லை. ஆணையமே பார்த்துக்கொள்ளும் என்று உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் "நிபுணர் சான்று இல்லை" என்ற ஒரு வரியில் தோற்றுப்போகிறார்கள். சோதனை நடக்கும் வரை வண்டியை எதிர்த்தரப்பின் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவைக்காதீர்கள். நிபுணர் வரும் நாளில் கேஸ் நிறைந்திருந்தால் அறிக்கையும் ஓகே என்றுதான் வரும்.

கெடுவைப் பொறுத்தவரை 2027 மார்ச்சுக்குள் தாக்கல் செய்தால், பழுது தெரிந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட்டீர்களா என்ற விவாதமே எழாது. டீலர், தயாரிப்பாளர் இருவரையும் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் விட்டவரைக் கை காட்டுவார். 19 லட்ச ரூபாய் வண்டிக்குக் கோவை மாவட்ட ஆணையத்தில் கட்டணம் 400 ரூபாய்தான். உள்ளே போவது இவ்வளவு மலிவாக இருப்பதாலேயே பலர் யோசிக்காமல் போய்விடுகிறார்கள். வெளியே வரும் காலத்தையும் பாருங்கள். டெய்ம்லர் கிரைஸ்லர் எதிர் கண்ட்ரோல்ஸ் அண்ட் ஸ்விட்ச்கியர் வழக்கும் காருக்குள் இருக்கும் சூட்டைப் பற்றியதுதான், நடுவில் உள்ள மேடு கொதிக்கிறது என்ற புகார். தேசிய ஆணையம் 2007இல் தீர்ப்புச் சொன்னது. உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது 2024இல். வாடிக்கையாளர் ஜெயித்தார், ஆனால் அதற்குள் வண்டிக்கு எத்தனை வயது என்று நீங்களே கணக்குப் போடுங்கள். நடுவில் சலித்துப்போய் காரை விற்றுவிட்டால் நுகர்வோர் என்ற தகுதியே போய்விடும் என்று தேசிய ஆணையம் தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது.

ஆகவே சமரசம் செய்துகொள்ளுங்கள். இன்னும் வாரண்டிக்குள் இருக்கிறீர்கள், தயாரிப்பாளருக்கும் கசியும் பாகத்தை மாற்றுவது பெரிய செலவல்ல. கசிவு கூலிங் காயிலில் இருந்தால் டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். டீலர் இதுவரை "நார்மல்" என்று தள்ளிவிட்டதற்கு அந்த வேலைப்பளுவும் காரணமாக இருக்கலாம். நீங்கள் கேட்க வேண்டியது: கசியும் இடத்தைக் கண்டுபிடித்து எழுத்தில் தருவது, அந்தப் பாகத்தை இலவசமாக மாற்றுவது, ஏசிக்கு மட்டும் தனியாக இரண்டு வருட வாரண்டி, அலைச்சலுக்கு ஒரு தொகை. 50,000க்குக் குறைந்து கிடைத்தாலும் முகத்தைச் சுளிக்காதீர்கள். உறுதி தயாரிப்பாளரின் லெட்டர்ஹெட்டில் வர வேண்டும். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வாசகத்தில் மட்டும் மழைக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் எந்த ஏசியும் நன்றாகத்தான் வேலை செய்யும். ஒரு சித்திரையைக் கடந்த பிறகு போடலாம்.

மெக்கானிக்கிடம் போய் லீக் ஸ்டாப் விட்டாரா என்று கேளுங்கள். பில் இருந்தால் நகல் வாங்கி, அவர் சொன்னதையும் எழுதி எனக்கு அனுப்புங்கள். நோட்டீஸ் வரைவதெல்லாம் அதற்குப் பிறகு.